பம்புசெட் வாங்குமுன்: மலிவு வேறு, போலி வேறு

காவிரி ஒரு புறமும் கொள்ளிடம் மறுபுறமும் ஓட, நடுவே தீவாக அமைந்த பூமி ஸ்ரீரங்கம். முக்கொம்பில் பிரிந்த ஆறுகள் கல்லணையருகே மீண்டும் நெருங்கும் வரை, திருவானைக்காவல், திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வழிநெடுகிலும் வாழையும் நெல்லும் பயிராகின்றன. இரு பக்கமும் ஆறு இருக்கையில் பம்புசெட் எதற்கு என்று வெளியூரார் கேட்கக்கூடும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டு ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நான்கரை மாத காலத்தில் ஆற்று மணலுக்கு அடியிலுள்ள நீரே பயிருக்குத் துணை. பூவன், ரஸ்தாளி, ஏலரிசி என எந்த வாழையானாலும் கோடையில் அதன் உயிர் பம்புசெட்டில்தான் இருக்கிறது.

வாழையின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்பவை. மணல் கலந்த மண் விரைவில் காய்ந்துவிடும். தார் தள்ளும் தருணத்தில் தண்ணீர் தவறினால் சீப்பும் சிறுக்கும், காயும் திரளாது. பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த எடை திரும்பாது. எனவே பம்புசெட் தேர்வு என்பது இயந்திரம் வாங்கும் காரியம் மட்டுமன்று. ஓராண்டு வெள்ளாமையைக் காக்கும் காரியமாகும்.

இந்நிலையில், திருச்சிக்குப் பம்புசெட் வாங்க வரும் சிறு விவசாயிக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. ஒரே நிறம், ஒரே வடிவம், ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரண்டு பம்புசெட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. ஒன்றின் விலை மற்றொன்றைவிடச் சில ஆயிரம் ரூபாய் குறைவு. பெயரில் ஓரெழுத்துதான் வேறு. சில சமயம் அதுவும் வேறில்லை. “இரண்டும் ஒன்றுதான், பில் வேண்டாமென்றால் இன்னும் குறைத்துத் தருகிறோம்” என்ற பேச்சும் சேர்ந்து வரும். எதை வாங்குவது?

முதலில் தேவையைக் கணக்கிடுக

எந்தப் பெயர் நல்லது என்று கேட்பதற்கு முன், தம் நிலத்துக்கு எவ்வளவு திறன் போதும் என்று அறிவது அவசியம். இதற்கு இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் தேவை என்பது. மற்றொன்று, அந்நீரை மொத்தம் எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும் என்பது. லிட்டரை மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால், நீரைத் தூக்க மட்டும் வேண்டிய குதிரைத் திறன் கிடைக்கும். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பை அதன்மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஸ்ரீரங்கம் தீவில் ஒரு வடிமுனைக் குழாய்க்கிணற்றில் கோடை நீர்மட்டம் பம்பின் மட்டத்திலிருந்து 5 மீட்டர் ஆழம் எனக் கொள்வோம். அங்கிருந்து வாய்க்கால் மேட்டுக்கு 2 மீட்டர். குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றின் உராய்வுக்கு 3 மீட்டர். ஆக மொத்தத் தூக்கு உயரம் 10 மீட்டர். வினாடிக்கு 10 லிட்டர் வேண்டுமானால், 10-ஐ 10-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க, 1.33 குதிரைத் திறன் வருகிறது. பம்பின் செயல்திறன் 60 சதவீதம் எனில், மோட்டார் தர வேண்டியது சுமார் 2.2 குதிரைத் திறன். எனவே 3 குதிரைத் திறன் மோட்டார் போதுமானது.

ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சத்து 2 ஆயிரம் லிட்டர் வேண்டும். மேற்சொன்ன செட் இதை ஐந்தரை மணி நேரத்தில் பாய்ச்சிவிடும். இந்த இடத்தில் 5 அல்லது 7.5 குதிரைத் திறன் பூட்டுவது வீண் செலவு. ஊற்று அவ்வளவு நீர் தராவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். மணலும் சேர்ந்து வரும்.

சொட்டு நீர்ப் பாசனம் அமைப்பவர்கள் இக்கணக்கை அப்படியே கொள்ளலாகாது. வடிகட்டி, உரத்தொட்டி, பக்கக் குழாய்கள், சொட்டுவான் ஆகியவற்றுக்கு மேலும் 15 முதல் 20 மீட்டர் வரை அழுத்தம் தேவைப்படலாம். அதற்கேற்ற பம்பைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடத்துக்கு ஏற்ற வகை

தரைமேல் வைக்கும் மோனோபிளாக் பம்பு நீரைத் தானாக ‘இழுப்பதில்லை’. காற்று மண்டலத்தின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி இந்த உயரம் 10 மீட்டருக்குச் சற்று அதிகம். நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் வரையே எதிர்பார்க்கலாம். நீர்மட்டம் இதற்குள் இருக்கும் ஆற்றோரக் கிராமங்களுக்கு மோனோபிளாக் ஏற்றது. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு.

மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி, துறையூர் போன்ற பாறைப் பாங்கான பகுதிகளில் நிலைமை வேறு. ஆழமான திறந்த கிணறுகளுக்கு நீரில் மூழ்கி ஓடும் திறந்த கிணற்று மோட்டார்களும், ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர்மூழ்கி மோட்டார்களும் பொருந்தும். ஸ்ரீரங்கத்து உறவினர் வாங்கினார் என்பதற்காக மணப்பாறை விவசாயி அதே செட்டை வாங்குவது தவறு.

நகல் எது, போலி எது?

இங்கு ஒரு நியாயத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைப்பதெல்லாம் போலி அன்று. பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வதெல்லாம் குற்றமும் அன்று.

மாடு கட்டிக் கவலை இறைத்த கோவைச் சீமையில் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே மின்மோட்டாரை உருவாக்கினர். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. அதற்குமுன் மோட்டார் என்றால் சீமைச் சரக்குதான். மோட்டார் இயங்கும் தத்துவம் வெளிநாட்டில் கண்டறியப்பட்டதே. ஆயினும் கோவையார் அதைக் கற்று, தம் பெயரில், தம் பொறுப்பில் செய்தனர். பின்னர் அங்கே பெருகிய பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நாடு முழுவதற்கும் பம்புசெட் வழங்கின. இது கற்றுச் செய்தது, களவு அன்று.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒரு கண்டுபிடிப்புக்கான காப்புரிமை இந்தியாவில் 20 ஆண்டுகளோடு முடிந்துவிடும். அதன்பின் யாரும் அதைப் பயன்படுத்தலாம். எனவே பெயர் பெறாத ஒரு சிறு தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரைப் பொறித்து, தர முத்திரையும் பெற்று, மலிவாக ஒரு பம்பை விற்றால் அது நேர்மையான சரக்கு. விளம்பரச் செலவு இல்லாததால் விலை குறைந்திருக்கலாம். அதைத் தயங்காமல் வாங்கலாம்.

போலி என்பது வேறு. அது மூன்று பொய்களில் ஒன்றையாவது சொல்லும். முதலாவது, பிறர் பெயரைத் தன் பெயராகப் போட்டுக்கொள்வது. இரண்டாவது, பெறாத தர முத்திரையைப் பொறித்துக்கொள்வது. மூன்றாவது, இல்லாத திறனை இருப்பதாகவோ இருக்கும் திறனை மறைத்தோ பெயர்ப்பலகையில் எழுதுவது. பம்பு உடைந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாதபடி செய்வதே இப்பொய்களின் நோக்கம். பிறர் பெயரைப் பொய்யாக இட்டு விற்பது, 1999-ம் ஆண்டு வணிகக் குறியீடுகள் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். செய்தவருக்கு மட்டுமல்ல, தெரிந்து விற்றவருக்கும் இது பொருந்தும்.

மிச்சமான பணம் எங்கே போகிறது?

போலி செட்டின் விலை குறைவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றி, மேலே செம்பு நிறத்தில் பூச்சு கொடுத்திருப்பார்கள். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அதற்கேற்பத் தடித்த கம்பி போடாமல் அதே அளவில் சுற்றினால் சூடு மிகும். மோட்டாரின் இரும்புத் தகடுகளும் எண்ணிக்கையிலும் தரத்திலும் குறைந்திருக்கும். நீரைத் தள்ளும் சக்கரமாகிய இம்பெல்லரின் வார்ப்பு கரடுமுரடாக இருக்கும். பேரிங்கும் மட்டமாக இருக்கும்.

இதன் விளைவை மேற்சொன்ன கணக்கிலேயே காணலாம். நல்ல செட்டில் பம்பின் செயல்திறன் 60 சதவீதம், மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் எனக் கொண்டால், வினாடிக்கு 10 லிட்டர் தர மணிக்குச் சுமார் 2 யூனிட் மின்சாரம் செலவாகும். மட்டமான செட்டில் பம்பு 40, மோட்டார் 70 சதவீதம் என வைத்துக்கொண்டால், அதே நீருக்கு மணிக்கு மூன்றரை யூனிட் செலவாகும். அது மட்டுமன்று. மோட்டார் தர வேண்டிய திறன் 3.3 குதிரைத் திறனாக உயர்கிறது. 3 என்று எழுதிய மோட்டாரின் தலைமேல் இப்படி எந்நேரமும் மிகைப் பாரம் ஏறி நிற்கும். காயில் கருகுவதன் இரகசியம் இதுவே.

பெயர்ப்பலகையில் 3 என்று எழுதி, உள்ளே 2 குதிரைத் திறன் மோட்டாரை வைத்திருந்தால், அதே மட்டமான பம்பில் வினாடிக்கு 6 லிட்டர்தான் வரும். ஐந்தரை மணியில் முடிய வேண்டிய ஏக்கருக்கு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். கடையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய், இரண்டு முறை காயில் கட்டினாலே கரைந்துவிடும். காயில் கட்டும் நாட்களில் வாடிய வாழையின் நட்டம் தனி.

மின்சாரம் இலவசம்தானே என்று சிலர் சொல்வதுண்டு. தமிழகத்தில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. விவசாயி செலுத்தாத அந்தக் கட்டணத்தை மக்கள் வரிப்பணத்திலிருந்து அரசு ஈடுசெய்கிறது. மேலும், மின்சாரம் இலவசமாகலாம்; டிரான்ஸ்பார்மரின் தாங்குசக்திக்கு இலவசம் கிடையாது.

பக்கத்து வயலையும் பாதிக்கும் பொய்

போலிகளில் மிகக் கேடானது, வாங்குபவரும் தெரிந்தே உடந்தையாகும் ஒரு வகை. மின்வாரியம் 5 குதிரைத் திறனுக்கு இணைப்பு தந்திருக்கும். அதிக நீர் வேண்டும் என்ற ஆசையில் 7.5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 5 என்று பெயர்ப்பலகை அடித்து வாங்குவர். இதில் ஏமாந்தவர் யார்?

ஒரு டிரான்ஸ்பார்மரில் பத்துப் பேருக்கு இணைப்பு உண்டு எனக் கொள்வோம். நால்வர் இவ்விதம் செய்தால் 10 குதிரைத் திறன் திருட்டுத்தனமாக ஏறுகிறது. மின்னழுத்தம் சரிகிறது. கடைக்கோடியில், அனுமதித்த அளவில் ஒழுங்காக மோட்டார் வைத்திருப்பவருக்கே வோல்டேஜ் மிகவும் குறைகிறது. விவசாயப் பம்புகளுக்கான இந்தியத் தரநிலைப்படி செய்த மோட்டார், 415 வோல்ட்டில் 15 சதவீதம் வரை, அதாவது சுமார் 353 வோல்ட் வரை குறைவதைத் தாங்கும். அதற்கும் கீழே போனால் கூடுதல் மின்னோட்டம் இழுத்து அதுவும் கருகும். டிரான்ஸ்பார்மரே எரிந்தால் பத்துப் பேர் பயிரும் வாடும்.

ஆகவே, “என் பணம், என் விருப்பம்” என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே கம்பியில் மின்சாரம் எடுப்பவர்கள், ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்களைப் போன்றவர்கள். மடையை உடைத்து நீர் பாய்ச்சுபவரை ஊர் ஒப்புவதில்லை. பொய்ப்பலகை மோட்டாரும் மடை உடைப்பதற்குச் சமமானதே.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை: முத்திரைக்கு மேலே தரநிலை எண்ணும், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். விவசாய மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079, ஆழ்துளை நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 14220 என்பவை தரநிலை எண்கள். எண் இல்லாத வெறும் முத்திரையை நம்ப வேண்டாம்.

2. உரிம எண் சோதனை: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியைக் கைப்பேசியில் இறக்கி உரிம எண்ணை இட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, இப்போது செல்லுபடியாகிறதா என்பது தெரியும். அதில் வரும் நிறுவனப் பெயரும் பெயர்ப்பலகையிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். கைப்பேசி பழக்கம் இல்லாதவர்கள் படிக்கும் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

3. பெயர்ப்பலகை: குதிரைத் திறன், மின்னழுத்தம், மின்னோட்டம், தூக்கு உயரம், வினாடிக்கு லிட்டர், குழாய் அளவு, வரிசை எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். தமக்குத் தேவையான தூக்கு உயரத்தில் எத்தனை லிட்டர் தரும் என்று கேட்டறிய வேண்டும்.

4. எடையும் காந்தமும்: நிறுவனத்தின் விவரக் கையேட்டில் உள்ள எடையுடன் செட்டின் எடையை ஒப்பிடலாம். கணிசமாகக் குறைந்தால் ஐயப்பட வேண்டும். வெண்கல இம்பெல்லர் என்று சொல்லி விற்றால் சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். காந்தம் ஒட்டினால் அது இரும்பு.

5. பில்: வரிசை எண் எழுதிய முறையான பில்லும், கடை முத்திரையும் தேதியும் இட்ட உத்தரவாதச் சீட்டும் கட்டாயம் வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய பம்புக்கு உத்தரவாதம் கேட்பது எளிதன்று.

வயலில் ஒரு சோதனை

பொருத்திய அன்றே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நீர் விழும் குழாயின் கீழ் வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 10 லிட்டர். 33 வினாடி ஆனால் 6 லிட்டர்தான். மின்பணியாளரைக் கொண்டு கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸிலும் மின்னோட்டத்தை அளந்து, பலகையில் குறித்த அளவை மீறவில்லை என்று உறுதி செய்துகொள்வது நலம்.

நல்ல பம்பும் மட்டமான குழாயால் கெடும். உறிஞ்சு குழாய் பம்பின் வாயைவிடச் சிறுத்திருக்கக் கூடாது. தேவையற்ற வளைவுகளைத் தவிர்க்க வேண்டும். எளிதில் திறக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புட்வால்வைப் பயன்படுத்த வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

போலி என்று தெரிந்தபின் அதை அடுத்தவர் தலையில் கட்டுவது தீர்வாகாது. பில்லுடன் கடைக்காரரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பயன் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தெரிவிக்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விதை தொடர்பான வழக்கு ஒன்றில், விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்துள்ளது. போலி முத்திரை பற்றி மேற்சொன்ன செயலியிலேயே புகாரும் செய்யலாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால்

நல்ல செட்டுக்குப் பணம் போதாத சிறு விவசாயி போலியைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. சொந்தப் பெயரும் முத்திரையும் உள்ள சிறு நிறுவனச் செட்டை வாங்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்து, 5-க்குப் பதில் 3 குதிரைத் திறனே போதுமென்றால் அதில் கணிசமான தொகை மிஞ்சும். பழைய பம்பு நல்ல நிறுவனத்துடையதாக இருந்தால், இம்பெல்லரும் பேரிங்கும் மாற்றித் தரமான செம்புக் கம்பியால் காயில் கட்டி மேலும் சில ஆண்டு ஓட்டலாம். பழைய மோட்டாரை மாற்ற, சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத் திட்டங்களைச் செயல்படுத்தி வருகிறது. அவ்வாண்டுக்குரிய மானிய அளவையும் நிபந்தனைகளையும் அத்துறை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். எந்தச் செட் பொருந்தும் என்பதில் ஐயம் இருப்பின், குமுளூர் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியை அணுகிக் கேட்கலாம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். பம்புசெட் விஷயத்தில் கணக்குப் பார்ப்பவனுக்கே மிஞ்சும். விலையைக் கடையில் ஒரு நாள் கொடுக்கிறோம். நீரை வயலில் பத்தாண்டு எடுக்கிறோம். தன் பெயரை மறைத்து வரும் இயந்திரத்தை, அடுத்த மேட்டூர் மூடலுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே வாழைக்கும் நல்லது, அண்டை வயலுக்கும் நல்லது.